பழைய அளவு

நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிற வளவனுக்கு முதலில் வந்தது முதுகுவலிதான். கூட வேலை செய்த மருதையன் வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தான். மாத்திரையாக விழுங்கியவன், வருஷம் திரும்புவதற்குள் அதையே ஊசியில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தான். கையில் தழும்புகளைப் பார்த்த அன்றே மனைவி அம்சவல்லி அவனைத் தஞ்சாவூரில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தாள்.

தை பிறந்ததும் பார்க்கப் போனாள். உடம்பு தேறியிருந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

"நான் நல்லாயிட்டேன் அம்சா. அறுப்பு ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

டாக்டரம்மா தடுத்தார். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்மா. இவர் உடம்பு இப்ப பழைய அளவைத் தாங்காது. வெளியில வர்ற மாத்திரையும் முன்ன மாதிரி இல்ல, வீரியம் ரொம்ப ஜாஸ்தி. ஒரு தடவை தவறினாலும் போச்சு."

"இனிமே தொட மாட்டாருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள் அம்சவல்லி. அந்த அழுகையை அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் நன்றாகத்தான் இருந்தான். மீன் குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நீடாமங்கலம் பக்கம் அறுப்புக்குக் கிளம்பியபோது, "ஒழுங்கா இருங்க" என்றாள்.

"மருதையன்கிட்டகூடப் பேச மாட்டேன், போதுமா?" என்று சிரித்தான்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. மிஷின் வயலுக்கு நடுவில் நின்றுவிட்டது. சாப்பாட்டுக்கும் இறங்கவில்லையே என்று ஆட்கள் ஏறிப் பார்த்தபோது வளவனின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மருதையன் வந்து வாசலில் நின்றான். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டான்.

"புது மாத்திரை அண்ணி. பாதி போதும்னு சொன்னேன். பழைய அளவுக்கே போட்டுக்கிட்டாரு."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. "நீ இன்னும் போடுறியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனை அதே மையத்துக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உள்ளே கூட்டிப் போகும்போது மருதையன் பெரிதாக அழுதான். "அண்ணி, வேணாம் அண்ணி" என்றான். அம்சவல்லி எழுந்திருக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வளவன் அழுத அன்றும் இப்படி உட்கார்ந்திருந்திருக்கலாம் என்று தோன்றியது.