நாக்கு மூக்கைத் தொடும்வரை

நாய்க்கு மாத்திரை கொடுப்பது எப்படி என்று அவள் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது எப்படி என்று அதற்கு முன்பிருந்தே படித்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் இன்னும் தேறவில்லை.

கால்நடை நர்சிங் வகுப்பில் அவளுக்குத்தான் வயது அதிகம். மற்றவர்களெல்லாம் பள்ளிச் சீருடையை நேற்றுக் கழற்றிப் போட்ட பிள்ளைகள். ஆகவே எல்லோருக்கும் அவள் அக்கா. ஆஸ்பத்திரியில் செய்முறை சொல்லித்தரும் சீனியர் நர்ஸுக்கும் அக்காதான். திட்டும்போதுகூட அந்த மரியாதை குறையாது. "அக்கா, அது வாய். துருப்பிடிச்ச பீரோ இல்ல. எதுக்கு இப்படி மல்லுக்கட்டுறீங்க?" என்பாள்.

நாய்க்குட்டியைக் கொஞ்சிக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று நினைத்து வந்தவர்கள் முதல் வாரத்திலேயே காணாமல் போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கூண்டு கழுவுவது, தரை துடைப்பது, எடை பார்ப்பது, பின்பக்கம் தெர்மாமீட்டர் வைப்பது, அதற்குள் நாய் உட்கார்ந்துவிடாமல் வயிற்றைத் தாங்கிக்கொள்வது. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லிவைத்த புண்ணியவானைக் கூப்பிட்டு ஒரு நாள் சங்கிலியைக் கையில் கொடுக்க வேண்டும். அவள் முழங்கையில் இரண்டு இடத்தில் தையல் தழும்பு இருந்தது. இரண்டுமே குரைத்துவிட்டுக் கடித்தவைதான்.

மாத்திரைப் பாடம் நடந்தது ஒரு பழுப்பு நிறக் கிழட்டு நாயிடம். இதய நோய்க்காக ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தது. சீனியர் நர்ஸ் இடது கையை அதன் முகத்தின் மேல் கவிழ்த்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் விரலைக் கொடுத்து, மூக்கைக் கூரையைப் பார்க்கத் தூக்கினாள். கீழ்த்தாடை தானாகத் தொங்கியது. நாக்கின் மேட்டுக்கு அந்தப் பக்கம் மாத்திரையைப் போட்டாள், வாயை மூடினாள், தொண்டையைத் தடவினாள், மூக்கில் மெல்ல ஊதினாள். நாய் நாக்கை நீட்டித் தன் மூக்கை நக்கியது.

"முழுங்கிட்டேன்னு அது வந்து சொல்லாது அக்கா. நாக்கு மூக்கத் தொடணும். அதுவரைக்கும் கையை எடுக்கக் கூடாது, முகத்தைத் திருப்பக் கூடாது. தொட்டதும் காதுக்குப் பின்னால சொறிஞ்சு, நல்ல பிள்ளைன்னு சொல்லணும். சொல்லலைன்னா நாளைக்கு உங்களைப் பாத்ததுமே மேசைக்கு அடியில போயிடும்."

இதே நாய் அவளிடம் மட்டும் மாத்திரையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, அவள் திரும்பியதும் காலடியில் துப்பியது. வீட்டில் அப்பா செய்வதும் அச்சு அசலாக அதுதான்.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் சட்டைப்பையைச் சந்தேகித்தே காலம் தள்ளியவருக்கு ஒரு மாத்திரையைச் சந்தேகிப்பது பெரிய காரியமா? "இது எந்தக் கம்பெனி? நேத்து இதைவிடச் சின்னதா இருந்துச்சே? உங்க டாக்டருக்கு என்ன வயசு, இருபதா?" என்று விசாரணை நடக்கும். ஒருவழியாக வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார், "ஆ" என்று திறந்தும் காட்டுவார். மாத்திரை நாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கும். ஒரு நாள் சோபாவின் இடுக்கைப் பெருக்கியபோது ஒரு கைப்பிடி கிடைத்தது.

அந்த மாத்திரை வலிப்புக்கு. அதை ஏமாற்றிய நாட்களின் பலனாகத்தான் குளியலறையில் விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டார். தையல் போட்ட டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தா எழுந்து உட்காருவார்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். வகுப்பில் இருக்கும்போதும் காதில் அந்தச் சத்தம் கேட்கும்.

வெளியூர் அண்ணன் போனில் யோசனை சொல்வான். "அன்பாப் பேசிப் பாரேன்." தூரத்தில் இருப்பவர்களுக்கு அன்பு எப்போதும் கைவசம் இருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது மாலைக்குள் தீர்ந்துபோகிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நடந்த ஒரே பேச்சு இந்தச் சண்டைதான். "மனுஷனுக்கு நர்ஸாப் போகக் கூடாதா? நாய் மூத்திரத்துல என்ன படிப்பு?" என்று அவர் ஆரம்பிப்பார். "நாய் உங்களைவிடச் சொன்ன பேச்சு கேக்குதுப்பா" என்று அவள் முடிப்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு ருசி இருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்கு வந்த குட்டிகள் கூட்டமாக வந்து சேர்ந்தன. கூண்டைக் கழுவி நிமிர்வதற்குள் அடுத்த கூண்டு. அதற்கு நடுவில் உள்நோயாளிகள் அத்தனைக்கும் மாத்திரை. எத்தனை வாயைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிழட்டு நாய் அவள் கையில் மாத்திரையை விழுங்கி மூக்கை நக்கியது. "அக்கா, கை வந்துடுச்சு!" என்று சீனியர் நர்ஸ் தோளைத் தட்டினாள். சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி வந்தாள்.

வீட்டில் அப்பா நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா? வாசல்லயே வாடை வருது. அந்த மாத்திரையை உங்க நாய்க்கே கொண்டுபோய்க் குடு" என்று அவளைச் சண்டைக்கு இழுத்தார்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மாத்திரையை எடுத்தாள். வாய் ஓய்ந்துவிட்டது, கை ஓயவில்லை. இடது கை அவர் முகத்தின் மேல் கவிழ்ந்தது. கன்னத்தின் ஓரம் விரல் நுழைந்தது, தலை பின்னால் சாய்ந்தது. மாத்திரை உள்ளே போனது, வாய் மூடியது. தொண்டையைத் தடவினாள். மூக்கில் ஊதினாள். தொண்டை ஏறி இறங்கியதும் காதுக்குப் பின்னால் சொறிந்து, "நல்ல பிள்ளை" என்றாள்.

தன் குரல் தன் காதில் விழுந்த பிறகுதான் அவள் விழித்தாள். அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அவர் துண்டால் மோவாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்பா... பழக்கத்துல... வேணும்னு செய்யலப்பா."

அவர் திரும்பவில்லை. அவள் சமையலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மனிதர் தலையை அப்படிச் சாய்த்தால் புரையேறிச் செத்தே போகலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் அவள் மாத்திரையோடு வந்தபோது, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் மூக்கைக் கூரைக்குத் தூக்கி வாயைத் திறந்தார். அவசரமாகத் தலையை நேராக்கி மாத்திரையை வைத்தாள். விழுங்கினார். கேட்காமலே நாக்கை உயர்த்திக் காட்டினார். அடியில் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. வாசல்வரை வரும் வாடையைப் பற்றியும் பேச்சில்லை. எதற்காக இத்தனை நாள் தலைகீழாக நின்றாளோ அது நடந்துவிட்டது. சாப்பாடுதான் தொண்டையில் இறங்கவில்லை.

அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியா, நான் சொன்ன மாதிரி அன்பாப் பேசினா கேக்குறாரு!" அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கிழட்டு நாய் மூக்கை நக்கிவிட்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றது. அவளுக்கு அந்த இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை. என்ன ஆச்சு என்று சீனியர் நர்ஸ் கேட்க, சொல்லிவிட்டாள். நர்ஸ் குபீரென்று சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள்.

"மாத்திரை ஒழுங்காப் போகுதுல்ல அக்கா? வலிப்பு வரல. விடுங்க, நாளாக நாளாகச் சரியாயிடும்."

சரியாகிவிடும் என்பதுதான் அவள் பயம். இப்படியே சரியாகி, இப்படியே பழகி, கடைசிவரை அவர் அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

அன்று மாலையும் அவளைக் கண்டதும் வாயைத் திறந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வாயை மூடுங்கப்பா."

அவர் விழித்தார். அவள் அவருடைய கையை எடுத்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இனிமே நான் போட மாட்டேன். நாக்கையும் பாக்க மாட்டேன். முழுங்குறதும் முழுங்காததும் உங்க இஷ்டம். நீங்க விழுந்தா என்னால தாங்க முடியாதுப்பா. ஆனா இதையும் தாங்க முடியல. ஏதாவது திட்டுங்களேன்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். சோபா இடுக்கு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முகத்தைத் திருப்பாதே என்று வகுப்பில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அவள் முதுகைக் காட்டி நின்றாள். குளியலறைத் தரையும், அன்று கிழிந்திருந்த அவர் நெற்றியும் கண்ணுக்குள் வந்து போயின. திரும்பிப் பார்த்துவிடாமல் இருக்க மேடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் ஒரு அசைவும் இல்லை.

"ஏண்டி."

மேடையைப் பிடித்திருந்த கையை அவள் விட்டாள்.

"மாத்திரையக் கையில திணிச்சிட்டுப் போனா ஆச்சா? வெறும் தொண்டையில எப்படிடி முழுங்குறது? தண்ணி யாரு கொண்டு வருவா, உங்க டாக்டரா?"

டம்ளரை நிரப்பியதில் பாதி தரையில் கொட்டியது. மீதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார். நாக்கை உயர்த்தவில்லை. அவளும் பார்க்கவில்லை.

காலி டம்ளரை நீட்டியவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டு அவளை முறைத்தார்.

"இன்னொரு தடவை என் மூக்குல ஊதினே, கடிச்சிடுவேன்."