நாலாம் பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதியவள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் அட்டையில் செருகிய படிவம் ஒன்றை நீட்டினாள். பெயர், வயது, முகவரி எல்லாம் மளமளவென்று எழுதினேன். ‘உங்களுக்கு ஏற்கெனவே ஏதேனும் நோய் உண்டா?’ என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. அதை ஒரு பல் மருத்துவரிடம் மறைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் நின்றது. ஒரு காலத்தில் இந்த வரியை நான் ஆயிரம் பேருக்காவது விளக்கியிருப்பேன். அந்த ஆயிரம் பேரில் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். பஞ்சைக் கடித்தபடியே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எழுதிய முதல் வரி: அவள் வந்த அன்று மழை பெய்துகொண்டிரு

(வேண்டாம். அன்று மழை இல்லை, சுள்ளென்று வெயில். இது துயரமான கதை என்று முன்கூட்டியே கண்ணைக் காட்ட மழையைக் கூப்பிட்டிருக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: வலிப்பு என்பது மூளையில்

(இதுவும் வேண்டாம். அவள் படித்தால் முகத்தைச் சுளிப்பாள்.)

அந்த அறையிலிருந்து தொடங்குகிறேன். சொல்லப்போனால் இந்தக் கதையை எழுதுவதே அந்த அறைக்குள் இன்னொரு முறை போய் உட்காரத்தானோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

2

பல்கலைக்கழக நூலகத்தின் பின்புறம், தரைத்தளத்தில் இரண்டு அறைகள். கதவில் ‘வெளிநாட்டு மாணவர் உடல்நலம், பாதுகாப்பு, காப்பீட்டு உதவிப் பிரிவு’ என்று பலகை. அதைப் படித்து முடிப்பதற்குள் வந்தவருக்குக் காய்ச்சலே இறங்கிவிடும் என்பார் எங்கள் மேலாளர்.

(மேலாளருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் இந்தக் கதையில் தமிழில்தான் பேசப்போகிறார். நல்ல மனுஷி, கோபித்துக்கொள்ள மாட்டார்.)

அவசர உதவி எண்கள் அச்சிட்ட சின்ன அட்டைகளை நாங்களே பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவோம். இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் அட்டையின் வாசனை இன்றும் எங்காவது அச்சுக்கடைப் பக்கம் போனால் என்னை நிறுத்திவிடும். தண்ணீர் கொதித்தாலும் தானாக நிற்கத் தெரியாத ஒரு கெட்டில் இருந்தது. ‘கொதிச்சிடுச்சு!’ என்று யாராவது கத்த வேண்டும். சைக்கிளில் விழுந்து முழங்கை பெயர்ந்தவன், காதுவலிக்கு எந்த மருத்துவரிடம் போவது என்று தெரியாதவள், அறையில் சமைத்துப் புகைமணி அடித்ததும் செருப்பில்லாமல் ஓடிவந்தவன் என்று எல்லாரும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளை யாராவது வந்தால் மேலாளர் தலையை நீட்டி, “உன் ஆளு வந்தாச்சு” என்பார். அந்த ஊரில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், ஆஸ்பத்திரி அந்த ஊர் மொழியில் நடக்கும். நடுவில் நான்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

3

புது மாணவர்களுக்குப் படிவத்தை விளக்கும் நாளில் அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். மண் ஆய்வில் முனைவர் பட்டத்துக்கு வந்தவள். அன்று மட்டும் ஏழு கேள்வி கேட்டாள். அதனாலேயே எங்கள் அறையில் அவளுக்குக் ‘கேள்வி’ என்று பெயர் விழுந்தது. ஏழும் ஒரே மாதிரிதான் தொடங்கின.

“சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் அக்கா. ஒருத்தர் லேப்ல திடீர்னு விழுந்துட்டா முதல்ல யாருக்குச் சொல்லுவாங்க?”

“எங்களுக்கு.”

“நீங்க வீட்டுக்குச் சொல்லிடுவீங்களா?”

“அவங்க சரின்னாத்தான்.”

“இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு?”

“அம்மா தாயே, முதல்ல யாராவது விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

படிவம் பன்னிரண்டு பக்கம். நாலாம் பக்கத்தில்தான் ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’. அதை நான் எப்படி விளக்கினேன் என்று எழுத வேண்டும்.

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் விட்டுவிட்டுத் தாண்டினேன். அதை ஏன் தாண்டினேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.)

4

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து போன். விழுந்துவிட்டாள், கைகால் இழுத்தது, மேசை விளிம்பில் நெற்றி இடித்துவிட்டது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது புருவத்துக்கு மேல் மூன்று தையல் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாயில் தமிழைத் தவிர எதுவும் வரவில்லை.

“லேப்ல கண்ணாடி ஏதாவது உடைஞ்சிடுச்சா அக்கா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இதற்கு முன் இப்படி வந்ததுண்டா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“இல்ல.”

நான் அந்த ஊர் மொழியில் ‘இல்லை’ என்றேன்.

காப்பீட்டு அட்டை கேட்டார்கள். “பையில இருக்கு, எடுத்துக்கோங்க” என்றாள். எடுத்தேன். அட்டைக்கு அடியில் ஒரு மாத்திரைப் பெட்டி, அதில் டிஷ்யூ காகிதத்தில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். ஒழுங்காக வெட்டப்பட்ட அரை மாத்திரைகள்.

“இது என்ன?”

“தலைவலி மாத்திரை.”

“தலைவலி மாத்திரைய யாராவது பிளேடு வச்சுப் பாதியா வெட்டுவாங்களா?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரிடம்தான் பேசினாள். “ஆறு மாசத்துக்குத்தான் எடுத்துட்டு வந்தேன். இங்க வாங்கணும்னா டாக்டர்கிட்ட போகணும். போனா பதிவாயிடும். நாலாம் பக்கத்துல பொய் எழுதினது தெரிஞ்சா இன்ஷூரன்ஸ நிறுத்திடுவாங்க. இன்ஷூரன்ஸ் இல்லாம இங்க இருக்க விடமாட்டாங்க. அதான் பாதி பாதியா…”

“எத்தன நாளா பாதி?”

“மூணு மாசமா.”

மருத்துவர் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதை முதல் வலிப்பு என்று எடுத்துக்கொண்டு புதிதாக மருந்து எழுதத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

(என் முதல் பிரதியில் இந்த இடத்தில் நான் துணிச்சலாக உண்மையைப் போட்டு உடைக்கிறேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நடக்கவில்லை. அவள் சொல்லாத ஒன்றை நான் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அதை மீறுவதா என்று எனக்குள்ளேயே வாதாடினேனே தவிர, மீறவில்லை.)

“இங்க பாரு, நீ சொல்றததான் நான் சொல்ல முடியும். ஆனா இவங்க தப்பா மருந்து குடுத்துடுவாங்கன்னு எனக்குப் பயமா இருக்கு.”

“திருப்பி அனுப்பிட்டா?”

“தெரியல. பொய் சொல்ல மாட்டேன், நிஜமாவே எனக்குத் தெரியல.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, “சொல்லுங்க. நான் சொல்ற மாதிரியே சொல்லுங்க” என்றாள்.

மொழிபெயர்ப்பவர் ‘அவள் சொல்கிறாள்’ என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே அந்த மருத்துவரைப் பார்த்து நான் சொன்னேன்: “எனக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. நான் யாரிடமும் சொன்னதில்லை.”

மருத்துவர் மாத்திரையை வாங்கிப் பார்த்தார். “நல்லவேளை” என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னார். எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

5

அன்று பிற்பகல் அவளுடைய படிவத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் முன்னால் போய் நின்றேன். நாலாம் பக்கத்தில் ‘இல்லை’ அழுத்தமாக, குண்டு குண்டாக எழுதியிருந்தது. அவளுடைய கெஞ்சலையெல்லாம் நானே கெஞ்சத் தயாராக இருந்தேன்.

மேலாளர் காப்பீட்டு விதிப் புத்தகத்தைத் திருப்பிப் பதினேழாம் பக்கத்தில் விரலை வைத்தார். எங்கள் மாணவர் திட்டத்தில் பழைய நோய்க்கும் இடம் உண்டு. அதற்காக யாரையும் விலக்க முடியாது. கேள்வி கேட்பதே விழுந்தால் என்ன மருந்து, யாருக்குச் சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான். தவறாக எழுதியிருந்தால் ஒரு பக்கத் திருத்தத் தாள் போதும்.

“உனக்கு இது தெரியும்னு நெனச்சேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அந்தத் தாண்டிய பகுதிக்கு வருகிறேன். நான்கு வருடமாக நாலாம் பக்கத்தை நான் விளக்கிய விதம் இதுதான்: “இங்க எல்லாரும் கண்ண மூடிட்டு ‘இல்லை’ன்னு போட்டுட்டுப் போயிட்டே இருங்க. உங்க வயசுக்கு என்ன நோய் வந்துடப் போவுது?” ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும்.

முதல் பிரதியில் வில்லன் அவள் அப்பா. ‘எங்க கேட்டாலும் இல்லன்னு எழுது’ என்று ஊரிலிருந்து அவளுக்குச் சொல்லி அனுப்பியவர் அவர்தான். அவருக்குக் கனத்த மீசையும் கடுகடுத்த குரலும் கொடுத்திருந்தேன். இரண்டாம் பிரதியில் மீசையை எடுத்தேன். மூன்றாம் பிரதியில் வில்லன் இருந்த இடத்தில் ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு நகைச்சுவையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் சம்மதத்தோடு அவருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“நான்தாம்மா சொல்லி அனுப்பினேன்” என்றார். குரல் மெல்லியது. “நாப்பது வருஷமா ஆபீஸ் வாசல்ல உக்காந்து மத்தவங்களுக்கு ஃபாரம் எழுதிக் குடுக்கறவன் நான். உண்டா இல்லையான்னு கேட்ட எடத்துல உண்டுன்னு எழுதினவங்க பேப்பர்தான் திரும்பி வரும். கண்ணால பாத்தவன். எம்பொண்ணு பேப்பர் திரும்பிடக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“இங்க அப்படித் திரும்பாது சார்.”

“அது எங்க எழுதியிருக்கு?”

“விதிப் புத்தகத்துல, பதினேழாம் பக்கம்.”

“ஃபாரத்துல?”

“ஃபாரத்துல இல்ல.”

“அப்ப எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

‘தப்பு என்னுதும்தான் சார்’ என்று சொல்ல வாயெடுத்தேன். ‘உடம்பப் பாத்துக்கோங்க’ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

6

மருந்தின் அளவைச் சரிப்படுத்த எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் படுத்தால் நெருங்கிய உறவினர் ஒருவரைக் காப்பீட்டுச் செலவிலேயே வரவழைத்துத் தர வேண்டும் என்பதும் அதே பதினேழாம் பக்கத்தில் இருந்தது. விசா கிடைத்து அவள் அப்பா வந்து சேர்ந்தபோது அவள் ஆய்வகத்துக்கே திரும்பிவிட்டாள்.

மீசை இல்லாத, ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. அவரை எங்கள் அறையில் உட்காரவைத்துவிட்டு அவள் ஆய்வகத்துக்குப் போனதும் படிவத்தைக் கேட்டார். மகளின் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“தப்பு என்னோடது” என்றார்.

“இல்ல சார்” என்று ஆரம்பித்து என் நகைச்சுவை முழுவதையும் அவரிடம் சொன்னேன். சிரித்தவர்களைப் பற்றியும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஃபாரம் எழுதறவனும் ஃபாரத்த விளக்கறவளும் சேந்து ஒரு புள்ளையப் பாதி மாத்திர சாப்பிட வச்சிருக்கோம்” என்றார். குற்றம் சொல்வது போல இல்லை. கணக்கில் என்னையும் சேர்த்துக்கொண்டது போல இருந்தது. பிறகு, “கேள்விக்குக் கீழ கொஞ்சம் எடம் இருக்கே, ஒரு வரி சேக்கலாமே” என்றார்.

மேலாளர், அவர், நடுவில் நான். ஒரே ஒரு வரிக்கு ஒரு மணி நேரம். ‘பாதிக்காது’ என்பது அதிகாரி சொல், ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்றார் அவர். ‘தயங்காமல்’ என்று போட்டால் தயங்குவார்கள் என்றார். கெட்டில் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது, கத்த ஆளில்லை. கடைசியில் அவர் சொல்லி, நான் மொழி மாற்றி, மேலாளர் எழுதியது இது: ‘உண்டு என்று எழுதினால் உங்கள் காப்பீடு நிற்காது. உங்களைச் சரியாகக் கவனிக்கத்தான் கேட்கிறோம்.’

அடுத்த வருடப் படிவத்தில் அந்த வரி அச்சானது. நான் நாலாம் பக்கத்தைச் சிரிப்பில்லாமல் வாசித்தேன். அந்த வாரமே பழைய மாணவர்கள் பதினோரு பேர் ஒவ்வொருவராக வந்து, கதவைச் சாத்திவிட்டு, திருத்தத் தாள் கேட்டார்கள். ‘சும்மா ஒரு பேச்சுக்கு’ என்று தொடங்கிய யாரையும் அதன்பிறகு நான் கிண்டல் செய்யவில்லை.

அவள் படிப்பை முடித்தாள். இப்போது இன்னொரு ஊரில் மண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். முழு மாத்திரைதான். நான் அந்த வேலையை விட்டு இருபது வருடம் ஆகிறது. அந்த அறைகளை இடித்து நூலகத்தோடு சேர்த்துவிட்டார்களாம்.

7

கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் நேர்மையாகப் பார்த்தால் ஒரு பதினைந்து நிமிடத்தை விட்டுவிட்டேன். அவர் எங்கள் அறைக்குள் வருவதற்கு முந்தைய பதினைந்து நிமிடம்.

எங்கள் ஜன்னலுக்கு எதிரே புல்வெளி. ஒரு பெஞ்சு. அவர் ஒரு ஓரம், அவள் மறு ஓரம், நடுவில் அவருடைய பை. அவள் முடியை ஒதுக்கித் தையல் தழும்பைக் காட்டினாள். அவர் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். அப்புறம் அவள் பேசினாள், வெகு நேரம். ஜன்னல் சாத்தியிருந்தது. திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘ஏன்ப்பா என்ன மறைக்கச் சொன்னீங்க?’ (கோபம் சரி. ஆனால் அவள் உட்கார்ந்திருந்த விதத்தில் கோபம் இல்லை.)

‘உங்க மேல தப்பில்லப்பா.’ (இது நான் கேட்க ஆசைப்பட்டது. அதுவும் எனக்காக.)

‘எனக்கு ரொம்பப் பயமா இருந்த

(நிறுத்திவிட்டேன். ஒருமுறை அவளுடைய ‘நான்’ஐ அவள் கேட்டுக்கொண்டதால் சொன்னேன். இந்த முறை அவள் கேட்கவில்லை.)

மூன்றையும் அடித்துவிட்டேன். வீட்டிலேயே ஒன்றைச் சொல்லாமல் வளர்ந்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். அந்தப் பெஞ்சில் பேசியது என்னவென்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இருவரும் எழுந்து எங்கள் அறையை நோக்கி வந்தார்கள், பை இப்போது அவள் தோளில். கதவு திறந்தபோது அவர் ஏதோ சொல்லி முடித்திருந்தார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, “போங்கப்பா” என்றாள்.

அந்தப் ‘போங்கப்பா’வுக்கு முந்தைய வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.