தம்பி கையில் இருந்த பொத்தான்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். முதல் நாள் ஆறு மணி நேரத்துக்கு ஓர் ஊசி. அடுத்த ஊசிக்குக் கடிகாரத்தைப் பார்த்தபடி துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மறுநாள் டாக்டரம்மா அவன் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். வயரின் மறுமுனையில் மருந்து ஏற்றும் பெட்டி. வலித்தால் அவனே அழுத்திக்கொள்ளலாம். வலியும் அடங்கும், தூக்கமும் வரும்.

"வேற யாரும் இதைத் தொடக்கூடாது," என்றார், என்னைப் பார்த்தே. என் முகத்தில் அப்படி என்ன எழுதியிருந்ததோ.

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இவன் கையிலா பொத்தான்? பல்வலியில் கன்னம் பூசணிக்காயாக வீங்கியபோதும் "ஒண்ணுமில்லக்கா" என்றவன். அம்மா போன பிறகு இவன் மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றி வளர்த்தவள் நான். இவனுக்கு எப்போது வலிக்கும் என்று இவனைவிட எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மத்தியானம் கண்ணசந்தான். தூக்கத்தில் முகம் சுளித்தது. பொத்தான் விரலிலிருந்து நழுவிப் போர்வைமேல் கிடந்தது. எடுத்து அழுத்தினேன். பெட்டி 'டிங்' என்றது, முகம் தெளிந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் மருந்து இறங்குமாம். மணி பார்த்துப் பார்த்து, அவன் சுளித்தாலும் சுளிக்காவிட்டாலும் அழுத்தினேன்.

நர்ஸ் வந்து அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் எழவில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் ஓடியது. ஆள்கள் ஓடி வந்து ஆக்சிஜன் வைத்தார்கள், மாற்று மருந்து போட்டார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவன் கண் விழித்த பிறகு டாக்டரம்மா பெட்டியின் பதிவைப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்.

"ரெண்டு மணி நேரத்துல பன்னண்டு தடவை. உங்களுக்கு இது சரிப்பட்டு வராது. பொத்தானை எடுத்துடறேன், பழையபடி ஊசியே போட்டுக்கலாம்."

தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சரிங்க டாக்டர்," என்றான். பல்வலிக்காரனின் அதே முகம். எனக்காக இன்னொரு துண்டைக் கடிக்கத் தயாராகிவிட்டான் மடையன்.

"அழுத்தினது நான்," என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மருந்து கூடினா தூக்கம் வரும். தூங்கறவங்க கை பொத்தானை அழுத்தாது. இதுக்கு இருக்கிற பெரிய காவலே அதுதாம்மா. அதைத்தான் நீங்க எடுத்துட்டீங்க."

தம்பி மெல்ல வாய் திறந்தான். "லிஃப்ட் கூண்டு மேல ஏறி வேலை பாக்கறப்ப, மேல நிக்கறவன் கையிலதான் பொத்தான் இருக்கணும். வெளிய நிக்கறவன் நல்லதுக்குன்னு அழுத்தினாலும் மேல இருக்கிறவன் நசுங்கிடுவான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு?"

"சொன்னே. நான்தான் காதுல போட்டுக்கல."

டாக்டரம்மா பொத்தானை அவனிடமே விட்டுவைத்தார். ஆனால் என் நாற்காலியைக் கட்டிலின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் நர்ஸ் கட்டைப் பிரித்தார். தம்பியின் நெற்றி வியர்த்தது. 'அழுத்துடா' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். உயிர் போய்த் திரும்பியது எனக்கு.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"வலிக்குதுக்கா," என்றான். பெட்டி 'டிங்' என்றது.

இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.