ஜெயமணி சிஸ்டரின் பார்வை

என் காசநோய் மாத்திரை யாராவது பார்த்தால்தான் தொண்டையில் இறங்கும். அதற்காக ஜெயமணி சிஸ்டர் தினமும் வருவார். நான் விழுங்குவேன். "ஆ காட்டுங்கண்ணே" என்பார். காட்டுவேன். என் வாய்க்குள் அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் பார்த்ததில்லை.

பிறகு கொரோனா வந்தது. எனக்கு இல்லை, பக்கத்து வீட்டு எத்திராஜுக்கு.

அவனுடையது நேற்று வந்த இருமல். என்னுடையது போன வருடத்து இருமல். ஆனாலும் அவன் வாசலைத்தான் தகரம் வைத்து அடைத்தார்கள். ப்ளீச்சிங் பவுடர் தூவினார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மாவிலைத் தோரணம் ஒன்றுதான் பாக்கி. எனக்கு வயிறு எரிந்தது.

சிஸ்டரையும் அந்தத் தகரத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

"சிஸ்டர், என்னை ஒரு வாட்டி பாருங்க."

"டூட்டி மாத்திட்டாங்கண்ணே. கண்ணை உங்க பக்கம் திருப்பக் கூடாது."

"மாத்திரை இறங்கலையே."

"வாயிலயே வச்சிருங்க."

வைத்திருந்தேன். மாத்திரைகள் சேர்ந்துகொண்டே போயின. கன்னம் புடைத்தது. கண்ணாடி முன்னால் நின்று விழுங்கப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவன் தகரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பில் லுங்கி நிற்கவில்லை. இப்படியே போனால் செத்துப்போவேன் என்று தெரிந்தது. எத்திராஜ் கஷாயம் குடித்தானா என்று தெருவே விசாரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருமும்போதெல்லாம் வராந்தா நீண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து மேசையைத் தொட்டேன். மாத்திரைகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு பேசினேன்.

"புது நோயா, பழசா?" என்றார் மேசைக்காரர்.

"பழசு."

"பழசு இப்ப இல்ல."

"எனக்கு இருக்கே."

"உங்ககிட்ட இருக்கும். எங்ககிட்ட இல்ல."

திரும்பி வந்தபோது தகரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எத்திராஜுக்குச் சரியாகிவிட்டது. தெரு கைதட்டியது. நானும் தட்டித் தொலைத்தேன்.

அப்போது அவன் இருமினான். அது என் இருமல். அந்த இழுப்பும், முடிவில் வரும் சின்ன விக்கலும் என்னுடையவை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஜன்னலும் கிடையாது. எப்போது அவனிடம் போய்ச் சேர்ந்ததோ! பாவி, அதையும் எடுத்துக்கொண்டான்.

சிஸ்டருக்கு டூட்டி மறுபடி காசநோய்க்கு மாறியது. எத்திராஜின் காசநோய்க்கு. மாத்திரையை அவனிடம் நீட்டினார். "ஆ காட்டுங்க." காட்டினான். குனிந்து, அதே அக்கறையோடு பார்த்தார்.

நான் ஓடிப்போய் அவன் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று வாயைத் திறந்தேன். அத்தனை மாத்திரைகளும் கரையாமல் இருந்தன.

"வெளிச்சத்தை மறைக்காதீங்கண்ணே" என்றார் சிஸ்டர்.

கொஞ்சம் நகர்ந்து நின்றேன். வாயை மூடவில்லை.