ஒன்று குறைந்த வீடுகள்

ஸல்ஹா செய்து கொடுத்த புள்ளிவிபரவியல் செய்முறை அறிக்கையை ஆனந்தராசா சேர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு வகுப்பறை ஜன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கப்பல் நின்றது. அது போன கிழமையும் நின்றது.

“இதை வீட்டில இருந்து எழுதினனீரோ?” என்றார்.

“இல்லை சேர். எங்கட ஊர் குறிஞ்சாக்கேணியில நாற்பது வீட்டுக்கும் நடந்து போனனான்.”

ஒரு குடும்பத்தில் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. வீட்டு இலக்கங்களைத் துண்டுகளில் எழுதிச் சட்டிக்குள் குலுக்கி எடுத்து, வந்த வீடுகளின் கதவைத் தட்டிக் கேட்டிருந்தாள். விடை நான்கு. சேர் சங்கக்கடை மனேஜரிடம் அதே வீடுகளின் அரிசிக் கூப்பன் விபரம் வாங்கியிருந்தார். அதன்படி ஐந்து.

“பிழை வாறது பிரச்சினையில்லை. சில வீட்டில கூட வரும், சில வீட்டில குறைய வரும். உம்முடையதில எல்லா வீட்டிலயும் ஒண்டு குறையுது. கள்ளமாய் எழுதிறவன்கூட இவ்வளவு ஒழுங்காய் எழுதமாட்டான். வியாழனுக்கிடையில காரணம் சொல்லும். இல்லாட்டி சைபர்.”

சைபர் என்றால் டிப்ளோமா இல்லை. ஒரு பாடத்தில் பெயிலானாலும் இனிப் படகேறிப் பட்டினத்துக்குப் போகத் தேவையில்லை என்று வாப்பா முன்பே சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. நாளை மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

மறுநாள் றுக்கியா மாமி வீட்டுக்கு மறுபடியும் போனாள்.

“மாமி, உங்களுக்கு எத்தின புள்ள?”

“மூணு. அண்டைக்கும் செல்லித்தானே உட்டன்.”

முற்றத்தில் நான்கு பிள்ளைகள் நின்றார்கள். ஸல்ஹா பார்த்தாள். மாமியும் பார்த்தாள்.

“அப்ப அது?”

“விரல நீட்டாதடி! முழுக்கணக்க வாயால செல்லப்படா, கண்ணூறு படும் எண்டு உங்க உம்மா படிச்சுத் தரல்லியா? இதுக்குத்தானா டவுனுக்குப் போற?”

“சங்கக்கடையில நாலெண்டுதானே குடுத்திருக்கீங்க?”

“அரிசியில ஒண்டக் குறைச்சா அந்தப் புள்ள எதத் திங்கும்?”

ஸல்ஹா இதை அறியாதவள் அல்ல. ஊரில் யாரும் முழுத்தொகை சொல்வதில்லை என்பது கடல் உப்பு என்பதைப்போல அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, “அல்லாஹ் இன்னும் தரல்ல” என்றிருந்தார்கள். அவள் பூச்சியம் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கணக்கு என்பது படகுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விஷயம்; இரண்டையும் அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை சேரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“இதுக்குப் பேர் கோடல். பிழையெல்லாம் ஒரே பக்கம் சாயுறது,” என்றார் அவர். “நாலாயிரம் வீட்டில கேட்டாலும் இந்தப் பிழை போகாது. ஆனால் நீர் சொல்லுறது உண்மையோ, இப்ப கட்டின கதையோ? அது எனக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் மேசையில் கிடந்த கோப்பு ஒன்றைப் புரட்டினார்.

“உங்கட வீட்டில எத்தினை பிள்ளையள்?”

ஐந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூத்தவர்களாக ஒரு ராத்தா, இரண்டு காக்காமார், பிறகு அவள், கைக்குழந்தையான தம்பி. தம்பிக்குக் காலையில் உடம்பு லேசாகச் சுட்டது.

“நாலு, சேர்.”

சொன்ன பிறகு தரையைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

சேரின் முன்னால் இருந்தது அவளுடைய அனுமதி விண்ணப்பம். உதவிப்பணம் கிடைக்கும் என்பதால் வாப்பா அதில் ஐந்து என்று எழுதியிருந்தார். சேர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“போய் இரும்,” என்று சொல்லிவிட்டு அறுபத்தெட்டு மார்க் போட்டார்.