சோள ரொட்டிப் பாட்டு

ஆர்ஃபா அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டது மளிகைக் கடை வரிசையில், கையில் மாவுப் பையோடு. கல்லாவுக்குப் பின்னாலிருந்த ரேடியோவில் அவள் புருஷன் டெல்மர் பாடிக்கொண்டிருந்தான். பாட்டில் ஒருத்தி சோள ரொட்டி சுடுகிறாள். ரொட்டி கருகுகிறது, திரைச்சீலை பற்றுகிறது, வீடே போகிறது, கடைசியில் நாய்கூட அடுத்த வீட்டுக்குக் குடிபோகிறது. அடிக்கு ஒரு தரம் பிடில் விக்கிச் சிரித்தது.

"மாவோட ஒரு வாளி தண்ணியும் சேத்துத் தரவா, ஆர்ஃபா?" என்றார் கடைக்காரர். வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்தக் கோடையில் கென்டக்கி மலை முழுக்க அதே பாட்டுதான். நாட்டின் பாட்டுத் தரவரிசையில் ஒன்பதாம் இடம் வரை ஏறியது. டெல்மர் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு நின்று வெள்ளை பூட்ஸ் வாங்கினான். ஆர்ஃபாவின் பிறந்தநாளுக்குச் சர்ச் பெண்கள் ரிப்பன் கட்டிய தீயணைப்பான் ஒன்றைக் கொடுத்தார்கள்.

வீடு எரிந்தது உண்மை. இரண்டு வருஷம் ஆகிறது. ஆர்ஃபா கொல்லையிலிருந்து விறகோடு திரும்பியபோது, குடித்துவிட்டுச் சிகரெட்டோடு தூங்கிப்போன டெல்மரின் சோபா எரிந்துகொண்டிருந்தது. அவனை முற்றம்வரை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள். கதவு இருந்த இடத்தில் தீதான் இருந்தது. பின்னறையில் அவன் அம்மா படுத்திருந்தாள். புல்லில் கிடந்தபடி டெல்மர் ஆர்ஃபாவின் காலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவான்." விசாரிக்க வந்தவர்களிடம், அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு மறந்துவிட்டேன் என்று ஆர்ஃபா சொன்னாள். அன்றிலிருந்து அண்ணன் ஹோபர்ட் அவளோடு பேசவில்லை.

"அந்தப் பாட்ட நிறுத்து, டெல்மர். உங்கம்மா செத்த தீ அது."

அவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ரொட்டியக் கருக்குனேன்னு நீதான சொன்ன?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை. பாடிப் பாடி அவனே நம்பிவிட்டிருந்தான்.

செப்டம்பரில் ஊர்ச் சந்தை மைதானத்தில் டெல்மரின் கச்சேரி. மாட்டுக் கொட்டகை ஓரம் ஹோபர்ட் தனியாக நின்றிருந்தார். ஆர்ஃபா நேராக அவரிடம் போனாள். சோபாவை, சிகரெட்டை, தான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரியும்," என்றார். "சாம்பல அள்ளுனது நாந்தான். ரொட்டிச் சட்டி மத்த சட்டிங்களுக்கு அடியில, கவுத்து வச்ச மேனிக்குக் கெடந்துச்சு."

"அப்புறம் ஏன் எங்கூடப் பேசல?"

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது வந்து சொல்வீங்கன்னு பாத்தேன்."

மேடையில் பிடில் விக்கத் தொடங்கியது. ஹோபர்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், மேடைக்கு நேர் கீழே நின்றார். டெல்மர் இரண்டு அடி பாடினான். அண்ணனைப் பார்த்தான். மூன்றாம் அடி வரவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். இதுவும் வேடிக்கையின் பகுதி என்று நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, கைதட்டி, அவன் விட்ட அடியைப் பாடினார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஹோபர்ட் தொப்பியைக் கழற்றி, குழிமேட்டில் நிற்பவரைப் போல, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.