பஞ்சநதத்தின் மிஸஸ்

பஞ்சநதம் தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவான். கையில் எது கொண்டுவருகிறானோ இல்லையோ, பெண்டாட்டியைக் கூப்பிட ஓர் இங்கிலீஷ் வார்த்தை கொண்டுவருவான். ஒரு மாதம் ஒய்ஃப், ஒரு மாதம் மேடம், தீபாவளிக்கு டார்லிங். கடைசியில் மிஸஸ் என்பதில் வந்து நின்றான். லாட்ஜுக்கு வரும் பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். எப்படிக் கூப்பிட்டாலும் அகிலாண்டம் சோறு போட்டாள். இடுப்பொடிய வயலில் நின்றுவிட்டு வந்தவளுக்குச் சண்டை போடவும் தெம்பு வேண்டாமா?

குத்தகை நிலம் ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். பேர் அவனுடையது, பாடு அவளுடையது. புது ஆட்சியில் குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. தானோ தன் குடும்பமோ வயலில் இறங்கிப் பாடுபட்டால் பதிவு உண்டு. பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. அகிலாண்டம் ஆள் விட்டுப் புருஷனை வரவழைத்தாள்.

டெரிலின் சட்டையில் வந்து இறங்கினான். சாவடியில் விசாரணை. இவன் டவுன்காரன், இவனுக்கும் நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்றார் மிராசுதாரின் காரியஸ்தர் இராஜாங்கம். சரி, உன் சம்சாரமாவது வயலில் இறங்குகிறதா என்று அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நாற்காலி போட்டு உட்காரவைத்ததில் மனுஷனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"மிஸஸெல்லாம் சேத்துல எறங்காதுங்க சார். ஆள் வச்சுத்தான் பண்றோம்."

பெண்கள் கூட்டத்திலிருந்து அகிலாண்டம் முன்னால் வந்தாள்.

"எறங்குறேங்க. பதினாறு வருசமா நான்தான் எறங்குறேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். குத்தகை உன் பேரில் இருக்கிறது, நீயே சொல், எது நிஜம் என்று பஞ்சநதத்தைக் கேட்டார். சாவடியே அவன் வாயைப் பார்த்தது. இத்தனை பேர் எதிரில் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ள வெட்கம் பிடுங்கித் தின்றது பாவியை.

"படிக்காததுங்க. வெவரம் தெரியாம பேசுது," என்றான்.

மனு தள்ளுபடி ஆயிற்று, நிலமும் மிராசுதார் கைக்கே போயிற்று. அவன் மதிய பஸ்ஸிலேயே தஞ்சாவூருக்குப் போய்விட்டான்.

தாளடி நடவுக்கு இராஜாங்கம் கூலிக்கு ஆள் கூப்பிட்டார். அதே ஆறு மா. அகிலாண்டமும் போனாள், போகாவிட்டால் உலை வைப்பது எப்படி? எந்த இடத்தில் கால் புதையும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். கூட நட்ட பெண்கள் பஞ்சநதத்தைக் கரித்துக் கொட்டினார்கள். அவளுக்கு அவன்மேல் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. நாற்றுமுடியை அவிழ்த்துக்கொண்டு குனிந்தாள்.